உயிரோடு இருந்தவரின் மரண அறிவித்தல்

1. அடக்கம் எப்போது?

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டு மேசை போட்டால் நிரம்பிவிடுகிற அறைதான் என் ஒபிஸ். "சைட் விழுந்திருச்சி", "பாஸ்வேர்ட் மறந்திருச்சி", "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று காலையிலேயே பதறிக்கொண்டு வரும் கோல்களுக்கு நான் பழகிப்போனவள். முதலில் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பேன், பிறகுதான் கொம்பியூட்டரைத் திறப்பேன். ஆனால் அன்று தங்கராஜா அண்ணனின் கோல் வந்த பிறகு அந்தத் தேத்தண்ணீரை நான் தொடவே இல்லை.

"தங்கச்சி, செத்தவரு போன் பண்ணி பேசுறாரும்மா!"

தங்கராஜா அண்ணன் கட்டுகஸ்தோட்டையில் பிரஸ் வைத்திருப்பவர். கல்யாணக் கார்டு அடிப்பார், கோயில் நோட்டீஸ் அடிப்பார், ஆனால் பிழைப்பு ஓடுவது மரண அறிவித்தலில்தான். அந்த அறிவித்தல்களைப் போடுவதற்கு அவருக்கு ஒரு வெப்சைட்டும் இருக்கிறது. அதைச் செய்து கொடுத்தவள் நான்.

"யாருண்ணே செத்தது? நிதானமா சொல்லுங்க."

"யாருமே சாகல, அதானே பிரச்சினை! தெல்தோட்டப் பக்கத்துல செல்லையான்னு ஒருத்தரு. ஆஸ்பத்திரியில வாட்டுல இருக்காரு. காலையில இருந்து அவரு போனுக்கு ஆளுக எடுத்து எடுத்து அழுவுறாங்களாம். விசாரிச்சுப் பாத்தா, அவரு மரண அறிவித்தல் நெட்ல போயிருக்கு. அடியில நம்ம பிரஸ் நம்பரு இருந்திருக்கு. எனக்கு எடுத்து, 'நான்தான் செல்லையா பேசுறேன், எல்லாம் போட்டிருக்கீங்க, அடக்கம் எத்தன மணிக்குன்னு மட்டும் போடலியே'ன்னு கேக்குறாரும்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிவித்தலில் "தொடர்புக்கு" என்று போட்டிருந்த இலக்கம் அந்த மனிதரின் சொந்த இலக்கம். அவர்கள் வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன்தான். கட்டிலில் படுத்தபடி தன் சாவுக்கு வந்த துக்க விசாரிப்புகளைத் தானே எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

நானே அவருக்குக் கோல் எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "ஐயா, நான் அந்த வெப்சைட் செய்ற சித்ரா" என்றேன். வசவு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையின் மெஷின் சத்தத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்களுக்கே உரிய உரத்த குரல், இருமலால் உடைந்து உடைந்து வந்தது.

"எனக்கு என்னாங்கம்மா, நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாதே."

மகள் வசந்தா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மதியச் சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதையே அவளிடம் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"அது ஒத்தையா கெடக்குற எடத்துல இதப் பாத்துச்சின்னா என்னா ஆகும்? அது போன எடுக்கறதுக்குள்ள அழிச்சிருங்கம்மா" என்றார்.

மாலைக்குள் அழிக்க வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

2. ஒரு பயம் இருக்கணும்

நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்த வெப்சைட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் ஆட்களிடம் நல்ல நாளில் யாராவது வந்து மகன் எங்கே, மருமகன் யார், தம்பி வீடு எது, போன் இலக்கம் என்ன என்று கேட்டால் உங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்போம். ஒரு சாவு விழுந்துவிட்டால் அத்தனையையும் நாமே அச்சடித்து மதிலில் ஒட்டுவோம். யாருடைய மகன், யாருடைய கணவர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், சம்பந்தி யார், இப்போது எந்த வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் மயானத்துக்குப் போவார்கள் என்பது வரை அதில் இருக்கும். வெப்சைட்டில் போட்டால் அதை உலகமே படிக்கலாம்.

விளம்பரம் தரும் கம்பெனி ஒன்று, சைட்டில் பிரைவசி பொலிசி இருந்தால்தான் விளம்பரம் தருவோம் என்று சொன்னதும் தங்கராஜா அண்ணன் ஓடி வந்தார்.

"அது என்னாமோ பொலிசியாம். எங்கயாச்சும் இருந்து ஒண்ண எடுத்து ஒட்டிவிடு தங்கச்சி. யாரு படிக்கப் போறா?"

நான் ஒட்டவில்லை. உட்கார்ந்து தமிழிலேயே எழுதினேன். அறிவித்தல் தருபவரின் பெயரை வெளியில் சொல்லமாட்டோம், சைட்டைப் பார்க்க வருபவர்களின் விபரத்தை விற்கமாட்டோம், முறைப்பாடு இருந்தால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள் என்று பிரஸ் இலக்கத்தையும் போட்டேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கொப்பிரைட் வரிக்கு வந்தபோதுதான் இழுபறி.

"இங்கே உள்ள எல்லா அறிவித்தலும் எல்லாப் படமும் எங்களுக்கே சொந்தம்னு போடு."

"படம் நம்மது இல்லையேண்ணே. ஆளுக கொண்டுவந்து குடுக்குறது."

"கோட்டு டை போடுறது யாரு? நான்தானே? அப்ப என்னோடதுதான். போட்டு வை தங்கச்சி, ஒரு பயம் இருக்கணும்."

கோட்டு டை விஷயம் உண்மை. தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கியவராக இருந்தாலும், மரக்கறிக்கடைக்காரராக இருந்தாலும், தங்கராஜா அண்ணனின் கொம்பியூட்டரில் ஏறிவிட்டால் கறுப்பு கோட்டும் சிவப்பு டையும் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். சொந்தக்காரர்களும் அதைத்தான் விரும்பினார்கள். காசு கொடுப்பவர் அவர், நான் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் சொன்னபடியே போட்டேன்.

3. சீரியஸ் ஃபோல்டர்

அன்று காலை அவருடைய சைட்டைத் திறந்து பார்த்தேன். முன்பக்கத்தில் செல்லையாவின் பெயர் இல்லை. பெயரை நெட் தேடலில் போட்டதும், நான் ஒருநாளும் பார்த்திராத வேறொரு சைட் வந்து நின்றது. ஊர் ஊராக மரண அறிவித்தல்களை அள்ளிப் போட்டு, சுற்றிலும் விளம்பரம் நிரப்பி வைத்திருக்கும் சைட். அதில் கோட்டும் டையுமாகச் செல்லையா சிரித்துக்கொண்டிருந்தார். காலமானார் என்ற இடத்தில் அன்றைய திகதி.

"அண்ணே, இது உங்க டிசைன்தான். அவனுக கைக்கு எப்பிடிப் போச்சி?"

போனில் அவர் குரல் இறங்கியது.

"நான் அத முன்பக்கத்துல போடலம்மா. சும்மா ரெடி பண்ணித்தான் வச்சிருந்தேன்."

"ரெடி பண்ணியா? ஆள் உயிரோட இருக்கப்பவா?"

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. மரண அறிவித்தலில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்ன மருமகனின் பெயர் விடுபட்டதற்காக அஸ்தி கரைக்கும் நாளில் கைகலப்பு நடந்த வீட்டை எனக்கே தெரியும். அதற்குப் பயந்து, ஆள் கஷ்டமாக இருக்கிறார் என்றதுமே சில வீட்டார் பிரஸுக்கு வந்து பெயர்களை எல்லாம் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போவார்களாம். இவர் டிசைன் செய்து, நான் கொடுத்திருந்த பாஸ்வேர்டை வைத்து சைட்டிலேயே ஏற்றி, லிங்கை மட்டும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிப் பெயர் சரிபார்க்கச் சொல்வாராம். முன்பக்கத்தில் காட்டாததால் வேறு யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனால் சைட்டில் ஏறும் பக்கங்களுக்கு வரிசையாக இலக்கம் விழும். திருடுகிற மெஷினுக்கு முன்பக்கம் தேவையில்லை. ஒன்றுக்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனால் போதும்.

நான் உள்ளே நுழைந்து அவர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். பெயரே "சீரியஸ்" என்றுதான் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோட்டு போட்ட ஆண்கள், காஞ்சிபுரம் சேலை உடுத்திய பெண்கள். "அன்னார்" என்று தொடங்கி எல்லாம் எழுதித் தயாராக இருந்தது, திகதிக்கு மட்டும் ஒரு வெற்றிடம். செல்லையாவின் வெற்றிடத்தில் அந்தத் திருட்டு மெஷின் தான் அள்ளிய நாளைப் போட்டிருக்கிறது. அதில் ஒரு முகத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. முந்தின வாரம் மார்க்கட்டில் என் பக்கத்தில் நின்று முட்டைக்கோவா பேரம் பேசிவிட்டுப் போன அம்மா.

"இவங்க எல்லாம் யாருண்ணே?"

"தப்பிச்சவங்க" என்றார் தங்கராஜா அண்ணன்.

இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் கத்தியது அன்றுதான். காசு கொடுப்பவர் என்றும் பார்க்கவில்லை, அண்ணன் என்றும் பார்க்கவில்லை. அந்த ஃபோல்டரை அப்படியே சைட்டிலிருந்து கழற்றினேன். மற்ற யாரும் அடுத்தவன் சைட்டில் இன்னும் ஏறியிருக்கவில்லை. ஆனால் ஏறிவிட்ட செல்லையாவை நான் எப்படிக் கழற்றுவது?

"செல்லையாவோட விபரத்த ஒங்ககிட்ட குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல முடியாதும்மா. குடுக்கிறவங்க பேர சொல்லமாட்டோம்னு பொலிசியில நீதானே எழுதின."

பொலிசியை அவர் படித்திருக்கிறார் என்பதே எனக்கு ஒரு அதிர்ச்சி.

4. திருடனின் விலாசம்

கொப்பி அடித்த சைட்டில் யாரிடம் முறையிடுவது என்று தேடினேன். அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் பிரைவசி பொலிசி என்று இருந்தது. நிம்மதியாகத் தட்டினேன்.

முதல் வரியைப் படித்ததும் எங்கேயோ படித்தது போல இருந்தது. இரண்டாவது வரியில் என் வார்த்தைகள். மூன்றாவதிலும் என் வார்த்தைகள். "இங்கே உள்ள எல்லா அறிவித்தலும் எல்லாப் படமும் எங்களுக்கே சொந்தம்" என்று தங்கராஜா அண்ணன் அடம்பிடித்துப் போடவைத்த வரியும் அப்படியே இருந்தது. சைட்டின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கடைசியில், முறைப்பாடு இருந்தால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள் என்ற இடத்தில் இருந்தது கட்டுகஸ்தோட்டைப் பிரஸ் இலக்கம்.

திருடிய சைட்டுக்கு எதிராக முறையிட வேண்டும் என்றால் எங்களிடமே முறையிட வேண்டும்.

"அண்ணே, உங்களுக்கு கொஞ்ச நாளா தெரியாத ஆளுக கோல் வந்துச்சா?"

"வந்துச்சே! வவுனியாவுல இருந்து ஒருத்தரு, மன்னார்ல இருந்து ஒரு அம்மா. எங்க வீட்டு அறிவித்தல எடுங்க, போட்டோவ எடுங்கன்னு ஒரே சத்தம். நாங்க அதெல்லாம் அடிக்கலன்னு சொல்லி வச்சிட்டேன். நம்ம சைட் அம்புட்டு தூரம் போயிருச்சின்னு நெனச்சி சந்தோசப்பட்டேன்மா."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கெங்கோ துக்கத்தில் இருந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு திருடனுக்காக எங்களைத் திட்டியிருக்கிறார்கள்.

மிஞ்சியிருந்தது ஒரே வழிதான். அந்த சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கும் வெளிநாட்டு ஹொஸ்டிங் கம்பெனிக்கு எழுத வேண்டும். அந்தரங்க விபரம் வெளியானது என்று முறையிட்டால் அவர்கள் பார்த்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். கொப்பிரைட் முறைப்பாட்டுக்கு உடனே அசைவார்கள். மனிதனின் மானத்தைவிடப் படத்தின் சொந்தக்காரனுக்குத்தான் அங்கே வேகமாகக் கதவு திறக்கிறது. இது எனக்கு முதலே தெரியும், அதனால் கொப்பிரைட் முறைப்பாட்டையே திறந்தேன்.

முறைப்பாட்டில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் படத்துக்கு நீங்கள் உரிமையாளரா, அல்லது உரிமையாளர் உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறாரா? சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

"நாங்கதான்னு போடு" என்றார் தங்கராஜா அண்ணன். "சைட்லயே அப்பிடித்தானே எழுதி இருக்கு?"

"எழுதிட்டா நம்மளோடதாயிடுமாண்ணே? அவனும் அதே வரியத்தான் எழுதி வச்சிருக்கான்."

நான் மறுபடி செல்லையாவுக்கு எடுத்தேன்.

"ஐயா, அந்தப் போட்டோ யாரு எடுத்தது? ஸ்டூடியோவா?"

"ஸ்டூடியோவா? இல்லம்மா. போன தடவ லீவுல வந்தப்ப மகதான் போன்ல எடுத்துச்சி. அதான் பிரின்ட் போட்டு வீட்டுல மாட்டியிருந்துச்சி."

யார் கண்ணில் படக்கூடாது என்று காலையிலிருந்து பாடுபடுகிறோமோ, அவளுடைய அனுமதி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

5. வாட்டில்

மறைப்பது முடியாது என்று ஆனபிறகு, செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. வசந்தா போனை எடுக்கும்போது முதல் கோல் எங்களுடையதாக இருக்க வேண்டும், அவள் பார்க்கிற முதல் முகம் அப்பாவுடையதாக இருக்க வேண்டும். செல்லையாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் நான் என் போனை எடுத்துக்கொண்டு, தங்கராஜா அண்ணனையும் இழுத்துக்கொண்டு, ஆட்களைப் பார்க்க விடும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டில் ஓரத்தில் செல்லையாவின் மனைவி பாக்கியம் அக்கா நின்றார். எங்களோடு வந்த தங்கராஜா அண்ணனைக் கண்டதும் அவர் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். வெள்ளைச் சேலையில் வந்திருந்த இரண்டு பெண்கள் சற்றுத் தள்ளி என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்கு என்று புறப்பட்டு, விசாரித்து விசாரித்து வாட்டுக்கு வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள். அவர்கள் வாங்கி வந்த மாலையை யாரோ பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள்.

செல்லையாவிடம் வாங்கிய வசந்தாவின் இலக்கத்துக்கு வீடியோ கோல் அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையோ, வசந்தா எடுத்தாள். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஓலம். எங்களுக்கு முன்னால் யாரோ அனுப்பிவிட்டார்கள், அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பெண் குரல் அரபியில் என்னவோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

"வசந்தா, இங்க பாரும்மா, அப்பா இருக்காரு. பாரு" என்று போனைத் திருப்பிப் பிடித்தேன்.

"பொய் சொல்லாதீங்க! பழைய வீடியோவப் போட்டுக் காட்டுறீங்க! என்னைய ஏமாத்துறீங்க!"

அவள் போனையே பார்க்கவில்லை, கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. செல்லையா தலையணையிலிருந்து எழும்ப முயன்றார். நர்ஸ் மிஸ் ஓடி வந்து பிடித்தார்.

"அடியே வசந்தா!" அந்தத் தொழிற்சாலைக் குரல் வாட்டு முழுக்கக் கேட்டது. "மத்தியானம் எனக்கு என்னா குடுத்தாங்கன்னு சொல்லவா? உப்பில்லாத சோறும் பூசணிக்காயும். செத்தவனுக்கு யாராச்சும் பூசணிக்காய் குடுப்பாங்களா?"

கூரை அசைந்தது. அழுது வீங்கிய ஒரு முகம் திரைக்கு வந்தது. "அப்பா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அழுகை அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்தது. "நம்ம வீட்டு செவத்துல மாட்டியிருந்த போட்டோ அது. யாருப்பா எடுத்துக் குடுத்தா?"

செல்லையா தங்கராஜா அண்ணனைப் பார்த்தார். "நானும் காலையில இருந்து கேக்குறேன். சொல்ல மாட்டேங்குறாரு."

எவனோ ஒரு பங்காளிதான் செய்திருப்பான் என்று நானும் நினைத்திருந்தேன்.

"நான்தான்" என்றார் பாக்கியம் அக்கா.

வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"அன்னைக்கு டொக்டர் ஐயா, சொந்தக்காரங்களுக்கு சொல்லிருங்கன்னு சொல்லிட்டாரு. எனக்கு யாரு இருக்கா? புள்ள அங்க கெடக்கு. நீங்க போயிட்டா எனக்கு புத்தி நிலையா இருக்குமா? அந்த நேரம் ஒங்க ஆளுக பேரு ஒண்ணு விட்டுப்போச்சின்னா வாழ்நாள் பூரா நான்தானே பேச்சு வாங்கணும்? அதான் தெளிவா இருக்கப்பவே போயி எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "மறுநாளு நீங்க கண்ண முழிச்சிட்டீங்க. அந்த சந்தோசத்துல பிரஸ்ஸ மறந்துட்டேன்."

செல்லையா மனைவியின் பக்கம் திரும்பினார். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"என் தங்கச்சி மாப்பிள்ள பேரு போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப சரி" என்றார்.

போனில் வசந்தா அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். முறைப்பாட்டைப் பற்றி விளக்கினேன். "அனுமதி என்னாக்கா, நானே எழுதித் தாறேன். அப்பாவ சிரிக்க வச்சி அந்தப் படத்த எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். அன்றே அவள் பெயரில் முறைப்பாடு போனது. "படத்தை எடுத்தவள் நான், படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார்" என்று இரண்டு வரிதான் எழுதினாள். ஹொஸ்டிங் கம்பெனி அந்தப் பக்கத்தை நீக்கியது. நெட் தேடலில் பெயரோடு வரும் சின்னப் படம் மறைய இன்னும் சில நாள் ஆனது.

6. இதற்கும் கையெழுத்து வேண்டுமா?

செல்லையா வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். நான் கட்டுகஸ்தோட்டைப் பிரஸில் உட்கார்ந்து பொலிசியைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எதையும் விடக்கூடாது என்ற வைராக்கியம். அறிவித்தல் தருபவருக்கு ஒரு பகுதி, படம் எடுத்தவருக்கு ஒரு பகுதி, பார்வையாளருக்கு ஒரு பகுதி, விளம்பரக்காரருக்கு ஒரு பகுதி. அழகாகப் பிரித்திருந்தேன். எங்களுக்கே சொந்தம் என்ற வரியைத் தூக்கிவிட்டேன், தங்கராஜா அண்ணனும் தடுக்கவில்லை.

அப்போது செல்லையாவும் பாக்கியம் அக்காவும் படியேறி வந்தார்கள். கிளினிக்குக்கு வந்த கையோடு எட்டிப் பார்க்க வந்தார்களாம். தங்கராஜா அண்ணன் பதறியடித்துத் தன் கதிரையை விட்டுக் கொடுத்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்க, நான்தான் சரியா பாக்கல" என்றார் செல்லையா. "அந்த அறிவித்தல எனக்கும் ஒருக்கா காட்டுறீங்களா?"

"அது அழிச்சாச்சிங்க ஐயா, சைட்ல இருந்து எடுத்தாச்சி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தங்கராஜா அண்ணன் அவசரமாக, "ஏன், இருக்கே" என்று மவுஸை எடுத்துவிட்டார். அவருடைய கொம்பியூட்டரில் அந்த "சீரியஸ்" ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை.

"என்னாண்ணே இது?" என்றேன்.

"சைட்லதானேம்மா வேணாம்னு சொன்ன? கஷ்டப்பட்டு செஞ்ச வேல, எதுக்கு அழிக்கணும்? என்னைக்காச்சும் ஒருநா..." அதற்குமேல் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே விளங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார்.

செல்லையா திரையை நெருங்கி உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். பெற்றோர் பெயர், மனைவி பெயர், மகள் பெயர், தங்கை மாப்பிள்ளை பெயர். படித்து முடித்து என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகம்.

"போட்டோ மகளோடதுன்னு சொன்னீங்க. வெவரம் குடுத்தது என் சம்சாரம். செஞ்சது இவரு. அப்ப இத அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்குங்களாம்மா? இல்ல, இதுக்கும் மக கையெழுத்து வேணுமா?"

நான் எழுதிக்கொண்டிருந்த பொலிசியைப் பார்த்தேன். மேலிருந்து கீழாகப் பார்த்தேன். தருபவர் இருந்தார், எடுத்தவர் இருந்தார், பார்ப்பவர் இருந்தார், விளம்பரக்காரரும் இருந்தார். அறிவித்தலில் யாருடைய பெயரும் முகமும் இருக்கிறதோ, அந்த மனிதர் ஒரு வரியிலும் இல்லை. இத்தனையும் பட்ட பிறகு, மறுபடியும் உட்கார்ந்து யோசித்து எழுதியும் அவரை நான் விட்டிருந்தேன். முகத்தில் அறைந்தது போல இருந்தது.

"உங்களுக்குத்தான் ஐயா முதல் உரிமை" என்று சொல்லி மவுஸை அவர் கையில் வைத்தேன். எங்கே தட்டுவது என்று காட்டினேன். அவர் தட்டினார். அதன் பிறகு தங்கராஜா அண்ணன், யாரும் சொல்லாமலே, மிச்சம் இருந்த அத்தனை பேரையும் அழித்தார்.

புதிய பொலிசியின் முதல் வரியை அங்கேயே, செல்லையா பார்த்துக்கொண்டிருக்கும்போதே டைப் செய்தேன். "இங்கே உங்கள் பெயரோ படமோ இருந்தால், அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை." அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"இது எனக்கு வெளங்குது" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பொலிசி எழுத உட்காரும்போது வாடிக்கையாளர் சொல்வதை எழுதுங்கள், சட்டம் கேட்பதை எழுதுங்கள், விளம்பரக் கம்பெனி கேட்பதையும் எழுதுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தப் பக்கத்தில் யாருடைய முகம் இருக்கப்போகிறது என்று பார்த்து, அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு வரி எழுதுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எல்லோருக்கும் செல்லையா மாதிரிக் கண் விழித்து வந்து கேட்கக் கொடுத்துவைக்காது.